மைனர் லீக்ல பத்து வருஷமா பந்து போடுறவங்க வாழ்க்கை எப்படி இருக்கும்? பையனுக்காக கேக்குறேன்

செம்பவாங்_அப்பா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க. என் பையனுக்கு 15 வயசு, உயர்நிலை மூணு. தொடக்கப்பள்ளியில சிசிஏக்கு (இணைப்பாட நடவடிக்கை) சாஃப்ட்பால் எடுத்தான், அப்பறம் ஜப்பான்காரக் கூட்டாளி ஒருத்தன் கூட சேந்து சனி ஞாயிறு பேஸ்பால் ஆடப் போனான், இப்ப அதுதான் உசுரு. பிட்சர், அதாவது பந்து போடுறவன். வேகம் நல்லா இருக்கு ஆனா பந்து எங்க போகும்னு அவனுக்கே தெரியலன்னு கோச் சொல்றாரு. நான் 2004ல பட்டுக்கோட்டையிலேர்ந்து இங்க சிங்கப்பூருக்கு வந்தவன், கிரிக்கெட் பாத்து வளந்தவன், பேஸ்பால்ல எனக்கு தெரிஞ்சதெல்லாம் இவன் பக்கத்துல உக்காந்து கேட்டதுதான்.

இந்த ஜூன் லீவு முழுக்க காலைல 7 மணிக்கு நான் வேலைக்கு கெளம்புறப்ப இவன் ரொட்டிய கடிச்சுக்கிட்டே போன்ல மேட்ச் பாத்துட்டு இருப்பான். அமெரிக்காவோட பெரிய லீக் இல்ல, அதுக்கு கீழ இருக்குற மைனர் லீக். அதுல ஒரு பிட்சர இவனுக்கு ரொம்ப புடிக்கும். 32 வயசு, பதினோரு வருஷமா ஆடுறாரு, ஏழு கிளப் மாறிட்டாரு, நடுவுல மெக்ஸிகோ போயிட்டு வந்திருக்காரு, பெரிய லீக்ல மொத்தமா கூட்டினா ரெண்டு மாசம் இருந்திருப்பாரு. எனக்கு அதப் பாத்தா வயித்த என்னமோ பண்ணுது. இந்த வயசுல நம்ம ஆளுங்க வீடு வாங்கி புள்ளகுட்டியோட இருப்பாங்க. நான் அவன்கிட்ட நேராவே கேட்டேன், டேய் இவரு ஜெயிச்சவரா தோத்தவரான்னு. அவன் என்னை பாத்துட்டு சொன்னான், "அப்பா அவரு பிட்சர்ப்பா." அவ்ளோதான் சொன்னான். எனக்கு ரெண்டு நாளா அதே மண்டைக்குள்ள ஓடுது.

அமெரிக்காவுல இருந்தவங்க, ஆடினவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. சம்பளம் எவ்ளோ, வேலை எப்படி போகும், ஏன் இப்படி ஊர் ஊரா சுத்துறாங்க, என்எஸ் (கட்டாய ராணுவ சேவை) எல்லாம் முடிச்சுட்டு நம்ம பையன் ஒருத்தன் அங்க போக வழி இருக்கா. கனவ கலைக்க மனசு வரல, சும்மா தலையாட்டவும் மனசு வரல.

---

ஷுகர்லேண்ட்_ரிட்டர்ன் எழுதியது:

அண்ணே வணக்கம். நான் ஜூரோங் தீவுல வேலை, கம்பெனி என்னை ஹூஸ்டனுக்கு போஸ்டிங் போட்டு 2022லேர்ந்து 2024 வரைக்கும் ஷுகர்லேண்ட்ல குடும்பத்தோட இருந்தேன். அங்க நம்மாளுங்க நெறய பேர், ஞாயித்துக்கிழமை பேர்லேண்ட் மீனாட்சி கோயில், சனிக்கிழமை ராத்திரி பேஸ்பால், இதுதான் எங்க வழக்கம். அந்த ஊர் டீம் பேரு ஸ்பேஸ் கவ்பாய்ஸ், ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸோட ட்ரிபிள் ஏ டீமு, 2024ல ட்ரிபிள் ஏ சாம்பியனும் ஆனாங்க. அதனால நீங்க கேட்ட மாதிரி ஆளுங்கள நான் பத்தடி தூரத்துல பாத்திருக்கேன்.

மொதல்ல ஏணி எப்படின்னு புரிஞ்சுக்கணும். பெரிய லீக்ல 30 டீமு, ஒவ்வொண்ணுக்கும் கீழ நாலு டீமு, சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ, ஆக மொத்தம் 120. (2020 வரைக்கும் 160 இருந்துச்சு, 40 ஊருக்கு அந்த தொடர்பு போச்சு, அந்த ஊர் ஜனங்கள நெனச்சா எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு.) மேல ஒரு டீமுல ஒரே நேரத்துல 26 பேர்தான், அதுல பிட்சர் 13க்கு மேல கூடாது. 30ஐயும் 13ஐயும் பெருக்குங்க, 390 எடம். உலகம் பூரா இருக்குற பிட்சர்லாம் அந்த 390க்குதான் அடிச்சுக்கிறாங்க. உங்க பையன் பாக்குற ஆளு 390க்குள்ள நிரந்தரமா நிக்கல, ஆனா வாசப்படி வரைக்கும் போயி பதினோரு வருஷம் அங்கயே நின்னிருக்காரு, அது எவ்ளோ கஷ்டம்னு யோசிங்க.

ஏன் ஊர் ஊரா சுத்துறாங்கன்னா, மொதல்ல எடுத்த கிளப்பு ஆறேழு சீசன் வரைக்கும் பையன புடிச்சு வெச்சுக்கலாம், அவன் விருப்பத்துக்கு வெளிய போக முடியாது. அதுக்கப்பறம்தான் ஃப்ரீ ஏஜென்ட். அப்ப வருஷா வருஷம் எந்த டீமுல பிட்சர் கம்மியோ, யாருக்கு கை அடிபட்டிருக்கோ அங்க கையெழுத்து போடுவான். 40 பேர் லிஸ்ட்னு ஒண்ணு இருக்கு, அதுல பேரு வந்தாதான் மேல ஆடலாம். லிஸ்ட்ல சேத்ததுக்கு அப்பறம் மூணு சீசன் வரைக்கும் கீழயும் மேலயும் மாத்தி மாத்தி அனுப்பலாம், அது தீந்துட்டா கீழ அனுப்பறதுக்கு முன்னாடி மத்த 29 டீமுக்கும் அவர காட்டணும், வேணும்ங்கிற டீம் எடுத்துக்கும். செவ்வாய்க்கிழமை ஒரு ஊர்ல இருந்தவரு சனிக்கிழமை வேற சட்டை போட்டுருப்பாரு. எனக்கு அடுத்த சீட்டுல ஒரு அம்மா உக்காருவாங்க, ஒரு பிட்சரோட மனைவி, கைக்கொழந்தையோட. ஆறு வருஷத்துல ஒன்பது வாடகை வீடு மாறியிருக்கோம்னு சொன்னாங்க, எந்த ஊர்ல எந்த டாக்டர்கிட்ட ஊசி போட்டோம்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சிருந்தாங்க.

சம்பளம்: முன்னாடி ரொம்ப மோசம், சிங்கிள் ஏல மாசம் 1,160 அமெரிக்க வெள்ளி (டாலர்), அதுவும் சீசன் நடக்குற மாசத்துக்கு மட்டும், அஞ்சாறு பேர் ஒரே வீட்டுல தரையில மெத்தை போட்டு படுத்திருக்காங்க. ஆடினவங்களே கேஸ் போட்டு 2022ல 185 மில்லியன் வெள்ளிக்கு செட்டில் ஆச்சு. அதே வருஷத்துலேர்ந்து தங்கற எடமும் கிளப்பு குடுக்கணும்னு ஆச்சு. 2023ல மொத தடவையா யூனியன் ஒப்பந்தம் வந்து சிங்கிள் ஏ 26,200, டபுள் ஏ 30,250, ட்ரிபிள் ஏ வருஷத்துக்கு 35,800 குறைஞ்சபட்சம்னு ஆச்சு. நம்ம காசுக்கு ட்ரிபிள் ஏ மாசம் 4,000 வெள்ளி சுமாரா வரும். மேல போனா 2025 கணக்குக்கு வருஷம் 760,000, ஒரு நாளைக்கு 4,000 அமெரிக்க வெள்ளி. அதாவது கீழ அஞ்சாறு வாரத்துக்கு வாங்குறத மேல ஒரே நாள்ல வாங்குவாங்க. அந்த ரெண்டு மாசம்னு நீங்க சொன்னீங்களே அண்ணே, அது சின்ன விஷயம் இல்ல, 43 நாள் மேல இருந்தாலே பென்ஷனுக்கு தகுதி வந்துடும். அந்த மனுஷன் அத தாண்டிட்டாரு.

வேலை எப்படின்னா, ட்ரிபிள் ஏல 150 மேட்ச். செவ்வாய்லேர்ந்து ஞாயிறு வரைக்கும் ஒரே டீமோட ஆறு மேட்ச், திங்கள் பயணம். ரிலீவர்னா, அதாவது மேட்ச் நடுவுல வந்து போடுற பிட்சர்னா, எந்த நாள் கூப்புடுவாங்கன்னு தெரியாது, புல்பென்ல (பிட்சருங்க கை சூடாக்குற எடம்) மூணு மணி நேரம் சூரியகாந்தி விதை கொறிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க, ஃபோன் அடிச்சா எந்திரிச்சு எட்டு பத்து பந்துல கை சூடாக்கிட்டு போகணும், சில நாள் கை சூடாக்கிட்டு அப்படியே திரும்ப உக்காருவாங்க, அது எந்த கணக்குலயும் வராது ஆனா கைக்கு அது வேலைதான். அப்பறம் ஆல்புகர்க்கி, ரீனோ, சால்ட் லேக் இங்கல்லாம் ஊரே மலை மேல இருக்கு, ஆல்புகர்க்கி 1,500 மீட்டருக்கு மேல, காத்து லேசு, பந்து கம்மியா வளையும், அடிச்சா ரொம்ப தூரம் பறக்கும். அங்க ரெண்டு தடவ அடி வாங்கினா அந்த வருஷ கணக்கே கெட்டுப் போயிடும். அதனால நம்பர மட்டும் பாத்து இவன் மட்டம்னு சொல்லிட முடியாது, ஸ்கவுட்டுங்களுக்கும் அது தெரியும்.

என் கண்ணால பாத்ததுல மறக்க முடியாதது ஒண்ணு. ஒரு ஞாயிறு மத்தியானம், கொளுத்துற வெயில், ஒரு ஆளு நல்லா ரெண்டு இன்னிங்ஸ் போட்டாரு. மேட்ச் முடிஞ்சு எல்லாரும் போயாச்சு, எங்க பையன் கையெழுத்துக்கு நின்னுட்டு இருந்தான், அவரு மட்டும் திரும்ப கிரவுண்டுக்கு வந்து துண்ட கையில புடிச்சுக்கிட்டு பந்து போடுற மாதிரியே காலை தூக்கி வெச்சு வெச்சு அரை மணி நேரம் பழகினாரு. பந்தே இல்ல. முன்னங்கால் எங்க விழுதுன்னு மட்டும் பாத்தாரு. அந்த வாரமே அவர மேல கூப்புட்டாங்க, நாலு நாள்ல திரும்பி வந்துட்டாரு, வந்த அன்னிக்கும் அதே துண்டு.

---

மாறன்_பிடோக் எழுதியது:

ரிட்டர்ன் அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனா நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுறேன், பையன் மேல அக்கறையோடதான். வேகம் இருக்கு கன்ட்ரோல் இல்லன்னு சொன்னீங்க. அமெரிக்காவுல ஸ்டீவ் டால்கவ்ஸ்கின்னு ஒரு இடதுகை பிட்சர் இருந்தாரு, அவர விட வேகமா யாரும் போட்டதில்லன்னு பாத்தவங்க அடிச்சு சொல்வாங்க. 1960ல ஸ்டாக்டன்ல 170 இன்னிங்ஸ்ல 262 பேர ஸ்ட்ரைக் அவுட் (பந்த அடிக்க விடாம அவுட்) பண்ணாரு, அதே 262 பேருக்கு வாக் (நாலு பந்து தப்பா போனா ஆள சும்மா மொத பேஸுக்கு விடுறது) குடுத்தாரு. ரெண்டும் ஒரே நம்பர். 1963ல மேல போற நேரத்துல முழங்கை போச்சு, ஒன்பது வருஷம் மைனர் லீக்ல ஆடி பெரிய லீக்ல ஒரு பந்து கூட போடல, அப்பறம் குடி, வயல்ல கூலி வேலை. 2020ல கொரோனாவுல இறந்தாரு. எனக்கு அவர் கதைய நெனச்சாலே தொண்டை அடைக்கும். வேகம் கடவுள் குடுக்குறது, மத்ததெல்லாம் யாராச்சும் கூட நின்னு சொல்லித் தரணும், அவருக்கு சரியான நேரத்துல அது கெடைக்கல.

இந்தியாவுலேர்ந்து ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் ரெண்டு பேர், ஈட்டி எறிஞ்ச பசங்க, 2008ல ஒரு டிவி போட்டியில மொத ரெண்டு எடம் வந்து பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் கையெழுத்து வாங்குச்சு. தினேஷ 2010லயே விட்டுட்டாங்க. ரிங்கு சிங்கிள் ஏ வரைக்கும் போனாரு, அப்பறம் காயம், பெறகு மல்யுத்தத்துக்கு மாறிட்டாரு. (கிரிக்கெட் ரிங்கு சிங் வேற.) ரெண்டு பேரும் அதுக்கு முன்னாடி பேஸ்பால தொட்டதே இல்ல, அந்த நெலமையில அவ்ளோ தூரம் போனதே பெருசு, அத நான் மனசார சொல்றேன். ஆனா அண்ணே, படிப்ப விட்டுடாதீங்க. பாலிடெக்னிக் டிப்ளமாவாச்சும் கையில இருக்கட்டும். 32 வயசுல கிளப்பு விட்டா அந்த ஆளுக்கு வேற என்ன தெரியும்?

---

பொங்கோல்_பிசியோ எழுதியது:

சார், நான் விளையாட்டு காயம் பாக்குற பிசியோ. நீங்க 32 வயச பத்தி கேக்குறீங்க, நான் 15 வயச பத்தி கேக்குறேன். பையன் ஒரு வாரத்துல எத்தனை பந்து போடுறான்? யாராச்சும் எண்ணுறாங்களா?

அமெரிக்காவுல 2014லேர்ந்து பிட்ச் ஸ்மார்ட்னு வழிமுறை இருக்கு. 15, 16 வயசுக்கு ஒரு நாளைக்கு 95 பந்துக்கு மேல கூடாது, 75ஐ தாண்டினா நாலு நாள் ஓய்வு, 61லேர்ந்து 75 வரைக்கும்னா மூணு நாள். அத விட முக்கியம், வருஷத்துல நாலு மாசம் மேட்ச்ல பிட்ச் பண்ணக் கூடாது, அதுல ரெண்டு மூணு மாசம் தொடர்ச்சியா பந்தே எறியக் கூடாது. அங்க பல ஊர்ல பனி கொட்டும், கிரவுண்ட மூடிடுவாங்க, கை தானா ஓய்வெடுக்கும். நம்ம ஊர்ல குளிர்காலம் கெடையாது சார், 12 மாசமும் வெயில், 12 மாசமும் பசங்க எறியுறாங்க, ஸ்கூல் டீம் ஒரு பக்கம், வார இறுதி கிளப் ஒரு பக்கம், ரெண்டு கோச்சும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிறதே இல்ல. என்கிட்ட போன வருஷம் வந்த ஒரு பையன் சனிக்கிழமை ஒரு டீமுக்கு 80 பந்து, ஞாயித்துக்கிழமை இன்னொரு டீமுக்கு 60 பந்து போட்டிருக்கான், அம்மா அப்பாவுக்கு அது தப்புன்னே தெரியாது, யாரும் சொல்லல.

முழங்கை உள்பக்கம் ஒரு தசைநார் இருக்கு, பின்னால வளைஞ்ச கை முன்னால சுழல ஆரம்பிக்கிற அந்த நொடியில பெரிய பாரம் அதுலதான் விழும். அது கிழிஞ்சா முன்னங்கையிலேர்ந்தோ தொடையிலேர்ந்தோ ஒரு நரம்பு மாதிரி தசைநார எடுத்து வெச்சு தெச்சு 12லேர்ந்து 18 மாசம் ஆகும் திரும்பி வர. 1974ல டாக்டர் ஃப்ராங்க் ஜோப் மொத மொத டாமி ஜான்ங்கிறவருக்கு பண்ணாரு, அவரு 1976ல திரும்பி வந்து அதுக்கப்பறம் மட்டும் 164 மேட்ச் ஜெயிச்சாரு, அதனால அந்த ஆபரேஷனுக்கே அவர் பேரு. இப்ப நெறய பேர் அது பண்ணா கை இன்னும் வேகமாயிடும்னு நம்புறாங்க, அது உண்மை இல்ல, தயவு செஞ்சு நம்பாதீங்க. பதினோரு வருஷம் ஒருத்தர் போட்டுட்டே இருக்காருன்னா அவரு தன் கைய அவ்ளோ பத்திரமா பாத்துக்கிட்டாருன்னு அர்த்தம். உங்க பையன் அவர்கிட்ட கத்துக்கணும்னா மொதல்ல அத கத்துக்கட்டும். ஒரு சின்ன நோட்டு வாங்கி பந்து எண்ணிக்கைய நீங்களே எழுதுங்க, ரெண்டு கோச்சுக்கும் காட்டுங்க.

---

முன்னாள்_கேட்சர் எழுதியது:

அங்கிள், நான் ஸ்கூல் சாஃப்ட்பால் டீமுல கேட்சரா (பிட்சர் போடுற பந்த புடிக்கிறவன்) இருந்தேன், போன வருஷம்தான் ஓஆர்டி, என்எஸ் முடிச்சு வெளிய வந்தேன். என்எஸ் பத்தி கேட்டீங்க. விளையாட்டுக்காக தள்ளி வெக்கிறது ரொம்ப அபூர்வம், 2013ல நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங்குக்கு குடுத்தது ஒலிம்பிக் பதக்கத்த மனசுல வெச்சு. பேஸ்பாலுக்கு அத நம்பி எந்த பிளானும் போடாதீங்க. ஆனா ரெண்டு வருஷம் முடிச்சு 21 வயசுல வந்தா எல்லாம் முடிஞ்சுடுச்சுன்னும் நெனைக்காதீங்க. அமெரிக்க காலேஜ்ல சேந்து ஆடினா டிராஃப்டுக்கு (கிளப்புங்க புது ஆளுங்கள முறை வெச்சு எடுக்குறது) வரலாம், காலேஜ்ல ஆடி 22, 23 வயசுல எடுக்கப்பட்டவங்க மைனர் லீக் பூரா இருக்காங்க. படிப்பும் கையில இருக்கும், மாறன் அண்ணன் கவலையும் தீரும்.

அப்பறம் அமெரிக்கா மட்டும்தான்னு இல்ல. தைவான், கொரியா, ஜப்பான்ல புரொஃபஷனல் லீக் இருக்கு, நமக்கு எவ்ளோ பக்கம். மெரில் கெல்லின்னு ஒரு பிட்சர், 2010ல டாம்பா பே எடுத்துச்சு, ட்ரிபிள் ஏ வரைக்கும் போயும் மேல கூப்புடவே இல்ல, கொரியா போயி 2015லேர்ந்து 2018 வரைக்கும் நாலு சீசன் ஆடினாரு. அங்க பந்த வேற மாதிரி போட கத்துக்கிட்டு 2019ல பெரிய லீக்ல அரிசோனாவுக்கு வந்தப்ப வயசு 30. 2023 வேர்ல்ட் சீரிஸ் (பெரிய லீக்கோட இறுதிச் சுற்று) ரெண்டாவது மேட்ச்ல ஏழு இன்னிங்ஸ், ஒரே ஒரு ரன், ஒன்பது ஸ்ட்ரைக் அவுட். அந்த மேட்ச நான் கேம்ப்ல காலைல போன்ல பாத்தேன், பக்கத்துல இருந்தவனுக்கு ஒண்ணும் புரியல நான் ஏன் கத்துறேன்னு. ரிச் ஹில்லும் அப்படித்தான், 2015ல 35 வயசுல லாங் ஐலண்ட்ல தனி லீக்ல போட்டுட்டு இருந்தாரு, அடுத்த வருஷ கடைசியில டாட்ஜர்ஸ் மூணு வருஷத்துக்கு 48 மில்லியன் குடுத்துச்சு, 2025ல 45 வயசுல 14வது டீமுக்கு ஆடினாரு. அதுக்கு மேல டீம் மாறினவங்க யாருமே இல்ல, எட்வின் ஜாக்சனும் 14தான்.

நம்ம கிரிக்கெட் டிம் டேவிட பாருங்க, இங்க பொறந்தவரு, 2018ல வெஸ்டர்ன் ஆஸ்திரேலியா கான்ட்ராக்ட் போச்சு, அடுத்த வருஷம் சிங்கப்பூருக்கு ஆட ஆரம்பிச்சு, கரீபியன், பாகிஸ்தான்னு கூப்புட்ட எடத்துக்கெல்லாம் போயி 2022ல ஐபிஎல்ல மும்பை 8.25 கோடிக்கு எடுத்துச்சு. பெட்டி தூக்கிட்டு போற வாழ்க்கை கேவலம் இல்ல அங்கிள்.

கன்ட்ரோல் பத்தி ஒரு கேட்சரா சொல்றேன், 15 வயசுல எல்லாருக்கும் அப்படித்தான், கையி காலு ஒரே வருஷத்துல நீளமாயிடும், ஒடம்பு எங்க முடியுதுன்னே தெரியாது. அவனுக்கு நல்ல கேட்சர் ஒருத்தன் வேணும். மட்டமான பந்துக்கும் மூஞ்சி சுளிக்காத ஆளு.

---

செம்பவாங்_அப்பா எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. பிசியோ சிஸ்டர், உங்க பதில படிச்சுட்டு அவன்கிட்ட போயி கேட்டேன், போன வாரம் எத்தனை பந்து போட்டன்னு. சனிக்கிழமை 70, ஞாயிறு "கொஞ்சம்" அப்படின்னான். கொஞ்சம்னா எவ்ளோடான்னா முழிக்கிறான். முழங்கை வலிச்சுதான்னு கேட்டேன், ரொம்ப நேரம் பேசல, அப்பறம் உள்பக்கம் தொட்டுக் காட்டினான். எனக்கு கையே ஓடல. நாளைக்கு பாலிகிளினிக் கூட்டிட்டு போறேன், ரெண்டு கோச்சுக்கும் மெசேஜ் போட்டாச்சு, டாக்டர் சொல்ற வரைக்கும் பந்த தொடக்கூடாதுன்னு சொல்லிட்டேன். அழுதான். ரிட்டர்ன் தம்பி சொன்ன அந்த துண்டு கதைய சொன்னேன், கண்ண தொடச்சுக்கிட்டு உன்னிப்பா கேட்டான், எந்த காலு முன்னாடி வெச்சாருன்னு கேட்டான்.

அவன் பந்து போடாத நாள்ல நானும் அவனும் சேந்து அந்த ஆளு மேட்ச பாக்கலாம்னு இருக்கோம். நான் இதுவரைக்கும் முழு மேட்ச் பாத்ததே இல்ல. எத்தனை மணிக்கு எந்த நாள்னு சொல்றீங்களா?

---

ஷுகர்லேண்ட்_ரிட்டர்ன் எழுதியது:

நல்ல காரியம் அண்ணே, டாக்டர் என்ன சொன்னாருன்னு இங்க போடுங்க, எல்லாரும் காத்திருப்போம். ஆனா ஒண்ணு, துண்டு பயிற்சியும் டாக்டர கேட்டுட்டு ஆரம்பிக்கட்டும், பந்து இல்லன்னாலும் கை அதே மாதிரிதான் சுத்தும்.

இந்த சீசன்ல கிழக்கு பக்க ஊர்னா அங்க ராத்திரி 7 மணி நமக்கு காலைல 7, டெக்சஸ்னா நமக்கு 8, மேற்கு பக்கம்னா 10. அங்க திங்கள் லீவு, அதனால நமக்கு செவ்வாய் காலைல மேட்ச் இருக்காது. சனிக்கிழமை காலைல பாருங்க, அங்க வெள்ளி ராத்திரி, கூட்டம் இருக்கும், நல்லா இருக்கும். ஆறாவது இன்னிங்ஸுக்கு மேல கேமரா அப்பப்ப புல்பென் பக்கம் திரும்பும், அப்ப யாரு எந்திரிச்சு ஜாக்கெட்ட கழட்டுறாங்கன்னு பையன்கிட்ட கேளுங்க, அவன் உங்களுக்கு முன்னாடி கண்டுபுடிச்சுடுவான்.